கண்ணெதிரே ஒரு மலைநாடு

வெளியூரில் குடியேறி வாழும் தமிழ்க் குடும்பங்களுக்கு விடுமுறை என்ற சொல்லுக்கு ஒரே பொருள்தான் உண்டு. அது ஊருக்குப் போதல். முன்பதிவு திறக்கும் நாளன்று, பயணத்துக்கு 60 நாள் முன்னதாகவே, சென்னைக்கும் மதுரைக்கும் திருநெல்வேலிக்கும் இடம் கிடைக்குமா என்று நம்மவர் படும் பாட்டை, ரயில்வேயில் எழுத்தர் வேலை பார்க்கும் நாம் ஆண்டுதோறும் கண்டு வருகிறோம். அதில் குறை கூற ஒன்றுமில்லை. பெற்றோரைக் காண்பதும், குலதெய்வத்துக்குப் பொங்கலிடுவதும், உற்றார் வீட்டுத் திருமணத்தில் முன்நின்று நடத்துவதும் நம் கடமைகள். ஆனால் அந்தப் பதினைந்து இருபது நாள் போக, ஆண்டின் எஞ்சிய நாட்களையெல்லாம் கழிக்கும் இந்த மண்ணை, நம் பிள்ளைகள் பிறந்து வளரும் இந்த மண்ணை, நாம் எவ்வளவு அறிந்திருக்கிறோம்? கிர்க்கியிலும் தேஹு ரோட்டிலும் ராஸ்தா பேட்டையிலும் மூன்று தலைமுறையாக வாழும் குடும்பங்களைக் கேட்டாலும் இதற்கு விடை சொல்லச் சற்றுத் தயங்குவார்கள்.

புனேயிலிருந்து மேற்கு நோக்கிப் புறப்பட்டால் இரண்டு மணி நேரத்துக்குள் சஹ்யாத்ரி மலையின் மடியை அடைந்துவிடலாம். நம்மில் பெரும்பாலோர் அம்மலையை ரயில் சன்னலிலிருந்து மட்டுமே பார்த்திருக்கிறோம். மும்பைக்குச் செல்லும்போது லோணாவளாவைக் கடந்ததும், 1863-ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட போர்காட் மலைப்பாதை தொடங்குகிறது. ஒரு சுரங்கத்துக்கும் மறு சுரங்கத்துக்கும் இடையே கண்ணில் படும் பள்ளத்தாக்கை, "அதோ பார், அருவி!" என்று பிள்ளைகளுக்குச் சுட்டிக்காட்டுவதற்குள் அடுத்த சுரங்கத்தின் இருள் வந்து மூடிவிடுகிறது. மலையோடு நமக்குள்ள பழக்கம் அவ்வளவில் நின்றுவிடுகிறது.

உண்மையில் சஹ்யாத்ரி நமக்கு அந்நிய மலை அன்று. தபதி ஆற்றின் தெற்கே தொடங்கிக் குமரி முனைவரை ஏறத்தாழ 1,600 கிலோமீட்டர் நீளும் மேற்குத் தொடர்ச்சி மலையின் வடபகுதிக்கே இப்பெயர். இதன் தென்கோடியில்தான் நம் பொதிகை நிற்கிறது. இடையே பாலக்காட்டுக் கணவாய் ஒன்றே குறிப்பிடத்தக்க பெரிய இடைவெளி. 2012-ஆம் ஆண்டில் யுனெஸ்கோ நிறுவனம் இம்மலைத்தொடரின் 39 இடங்களை உலக மரபுச் செல்வமாக அறிவித்தபோது, சாதாராவுக்கு அருகிலுள்ள காஸ் மலைமேட்டையும் தமிழ்நாட்டுக் காடுகளையும் ஒரே பட்டியலில்தான் சேர்த்தது.

ஆயினும் இரண்டின் தோற்றமும் வேறு. நம் நீலகிரியும் பொதிகையும் மிகத் தொன்மையான பாறைகளால் ஆனவை. புனேயைச் சூழ்ந்த மலைகளோ ஏறத்தாழ 6 கோடியே 60 லட்சம் ஆண்டுகளுக்கு முன் நிலம் பிளந்து வழிந்த எரிமலைக் குழம்பு, அடுக்கின்மேல் அடுக்காக உறைந்து உண்டானவை. ஆதலால்தான் இம்மலைகள் குளத்துப் படிக்கட்டு போலப் படிப்படியாக உயர்ந்து, உச்சியில் மேசை போலத் தட்டையாக நிற்கின்றன. ஓர் அடுக்கு செங்குத்துச் சுவர். அடுத்த அடுக்கு புல் படர்ந்த சரிவு. இவ்வமைப்பைக் கண்டுதான் முன்னோர் இங்கே கோட்டைகளைக் கட்டினர். பாதிச் சுவரை இயற்கையே எழுப்பி வைத்திருந்தது.

கோட்டை என்றதும் புனே வாழ் தமிழர்க்கு நினைவு வருவது சிம்மகட். அங்கே மேல்வரை வாகனம் செல்லும்; சூடான வெங்காய பஜ்ஜியும் தயிரும் கிடைக்கும்; ஞாயிற்றுக்கிழமைகளில் வண்டிகள் வரிசையாக நிற்கும். நாம் இங்கே எடுத்துரைக்க விரும்புவது அதற்கும் தெற்கே, நகரத்திலிருந்து 50, 60 கிலோமீட்டர் தொலைவில், நடந்து சென்றாலன்றி உச்சியை அடைய முடியாத ராஜ்கட், தோரணா என்னும் இரு மலைகளைப் பற்றி. வாகனம் ஏறாத காரணத்தாலேயே இம்மலைநாட்டின் பழைய அழகு இன்னும் பெருமளவு கெடாமல் இருக்கிறது.

தோரணா 1,403 மீட்டர் உயரமுடையது. புனே மாவட்டத்துக் கோட்டைகளுள் மிக உயர்ந்தது. 1646-ஆம் ஆண்டில், பதினாறு வயது இளைஞராயிருந்த சிவாஜி முதன்முதலாகக் கைக்கொண்ட கோட்டைகளுள் இது ஒன்று. அங்கே கிடைத்த புதையலைக் கொண்டே எதிரிலுள்ள மலையில் ராஜ்கட் கோட்டையைக் கட்டினார் என்பது இங்கே வழங்கிவரும் செய்தி. பின்னர் ராய்கட் தலைநகராகும்வரை, ஏறத்தாழக் கால் நூற்றாண்டு ராஜ்கட்டே மராட்டிய அரசின் தலைமையிடமாக விளங்கிற்று. பத்மாவதி, சுவேளா, சஞ்சீவனி என்று மூன்று மலைத்தோள்கள் மூன்று திசையில் நீண்டிருக்கின்றன. அவற்றை மாச்சி என்று அழைக்கிறார்கள். நடுவே பாலேகில்லா என்னும் உச்சிக்கோட்டை எழுந்து நிற்கிறது. சுவேளா மாச்சியில் காற்றும் மழையும் பாறையைத் துளைத்து உண்டாக்கிய பெரிய ஓட்டை ஒன்று உள்ளது. ஊசியின் காது என்னும் பொருள்பட அதனை நேடே என்பார்கள்.

இவ்வளவும் மராட்டிய வரலாறு. நமக்கு என்ன உறவு என்று சிலர் கேட்கலாம். 1670-ஆம் ஆண்டில் இதே ராஜ்கட்டில் சிவாஜிக்கு ராஜாராம் என்ற மகன் பிறந்தார். 1689-இல் அண்ணன் சம்பாஜி மொகலாயரால் கொல்லப்பட்டபின், ராஜாராம் பகைவர் கண்ணுக்குத் தப்பித் தென்னாடு சென்று அடைக்கலம் புகுந்த கோட்டை எது? நம் செஞ்சி! 1677-இல் சிவாஜி கைப்பற்றிய அக்கோட்டையே மராட்டிய அரசின் தலைநகராயிற்று. சுல்பிகார் கானின் மொகலாயப் படை 1690 முதல் முற்றுகையிட்டது. 1698-இல்தான் கோட்டை வீழ்ந்தது. அதற்குமுன் ராஜாராம் தப்பித் தம் நாடு திரும்பி, 1700-ஆம் ஆண்டில் சிம்மகட்டில் உயிர் நீத்தார். இந்த மலையில் பிறந்தவர் தம் இளமையின் எட்டு ஆண்டுகளுக்கு மேல் நம் மண்ணில் வாழ்ந்திருக்கிறார். 2025 ஜூலையில் யுனெஸ்கோ மராட்டியர் கோட்டைகள் பன்னிரண்டை உலக மரபுப் பட்டியலில் சேர்த்தது. அவற்றுள் பதினொன்று மகாராஷ்டிரத்தில் உள்ளன. ராஜ்கட் அவற்றில் ஒன்று. பன்னிரண்டாவது செஞ்சி.

சென்ற தை மாதத்து ஞாயிறு ஒன்றில், நமது சங்கத்தைச் சேர்ந்த ஐந்து குடும்பத்தார், சிறுவர் சிறுமியர் உட்படப் பதினெட்டுப் பேர், ராஜ்கட்டுக்குச் சென்று வந்தோம். பெங்களூர் நெடுஞ்சாலையில் நஸ்ராப்பூர் வரை சென்று, அங்கிருந்து மேற்கே திரும்பினோம். அறுவடை முடிந்த நெல்வயல்களும் வைக்கோற் போர்களும் வழியெங்கும் தென்பட்டன. "இது நம் ஊர்ப் பக்கம் போலவே இருக்கிறதே!" என்று வந்திருந்த மூதாட்டி ஒருவர் வியந்தார்.

மலையேறுவதற்கு வழிகள் பல. குஞ்ஜவணே கிராமத்திலிருந்து சோர் தர்வாஜா என்னும் கள்ள வாயிலுக்குச் செல்லும் வழி குறுகியது. ஆனால் முடிவில் செங்குத்தானது. கம்பியைப் பிடித்துக்கொண்டு ஏற வேண்டும். பாலி வாயிலுக்குச் செல்லும் வழி அரச வழி எனப்படும், படிகள் உள்ளது, குடும்பத்தோடு செல்வோர்க்கு இதுவே உகந்தது. சிறுவர்களின் நடைக்கேற்ப நாம் ஏறியதில் மூன்று மணி நேரம் ஆயிற்று. மூதாட்டியார் பாதி வழியில் ஒரு மர நிழலில் அமர்ந்து, துணைக்கு ஒருவரை வைத்துக்கொண்டு, "நீங்கள் போய் வாருங்கள், எனக்கு இதுவே போதும்" என்று சொல்லிவிட்டார். இறங்கி வரும்போது பார்த்தால், மோர் விற்கும் கிராமத்து மூதாட்டியோடு, ஒருவர் மொழி மற்றவர்க்குத் தெரியாமலே, வெகுநேரம் பேசிக்கொண்டிருந்திருக்கிறார்.

எமக்கு வழிகாட்டியாக வந்தவர் அடிவாரக் கிராமத்து இளைஞர். எம்முடன் வந்த அன்பர் ஒருவரிடம் "உங்கள் ஊர் எது?" என்று அவர் மராத்தியில் கேட்டார். திண்டிவனம் என்றால் எங்கே தெரியப்போகிறது என்று எண்ணிய அன்பர், "சென்னைப் பக்கம், செஞ்சிக்கு அருகில்" என்றார். இளைஞர் நின்றுவிட்டார். "ஜிஞ்ஜியா? ராஜாராம் மகாராஜா இருந்த ஜிஞ்ஜியா? அந்தக் கோட்டை எப்படி இருக்கும்? எவ்வளவு உயரம்? எத்தனை வாயில்?" என்று அடுக்கடுக்காக வினவினார். பள்ளிப் பாடத்தில் படித்த ஊரை நேரில் அறிந்தவர் ஒருவர் எதிரே நிற்கும் மகிழ்ச்சி அவர் முகத்தில் தெரிந்தது. அன்பருக்கோ விடை இல்லை. திருவண்ணாமலைக்குப் போகும் பஸ்ஸிலிருந்து அம்மலையைப் பலமுறை பார்த்திருக்கிறாரே தவிர, ஒருமுறையும் ஏறியதில்லை. அவருடைய பத்து வயது மகள் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். "அப்பா, அடுத்த முறை ஊருக்குப் போகும்போது செஞ்சிக்குப் போவோமா? இவருக்குப் படம் எடுத்து அனுப்பலாம்" என்றாள்.

அச்சிறுமியின் சொல் நம்மைச் சிந்திக்க வைத்தது. "உன் ஊர் எது?" என்ற கேள்வி நம் பிள்ளைகளுக்குத் தொல்லை தரும் கேள்வி. இங்குள்ளோர் அவர்களைத் தமிழர் என்பார்கள். ஊருக்குச் சென்றால், "புனேக்காரப் பிள்ளைகள்" என்பார்கள். இரண்டு இடத்திலும் விருந்தாளியாகவே வளரும் பிள்ளை, எந்த மண்ணையும் தன்னுடையதென்று கருதாமல் போய்விடக்கூடும். ஒரு மண்ணை நமதாக்கிக்கொள்வதற்கு வீட்டுப் பத்திரம் மட்டும் போதாது. அதன்மேல் நடக்க வேண்டும். அதன் மரத்தின் பெயரும் ஆற்றின் பெயரும் தெரிந்திருக்க வேண்டும். மலையில் நாம் கண்ட மற்றொரு காட்சியும் உண்டு. கிராமத்தாரோடு பேசும்போது பெற்றோர் தடுமாறினர். பிள்ளைகளே முன்வந்து சரளமான மராத்தியில் உரையாடி, பெரியவர்களுக்குத் தமிழில் விளக்கினர். அன்று அவர்கள் இரு மொழிக்கும் உரியவராக நின்றார்கள்.

அவ்வாறு விளக்கும்போது தெரிய வந்த செய்திகளும் சுவையானவை. மலைச் சரிவுகளில் கார்வி என்னும் செடி புதராக மண்டியிருக்கிறது. பொதுவாக எட்டு ஆண்டுகளுக்கு ஒருமுறைதான் அது கூட்டமாகப் பூக்கும். நம் குறிஞ்சியோ பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை பூப்பது; 2018-இல் பூத்தது, இனி 2030-இல் பூக்கும். இரண்டையும் தாவர நூலார் நெடுங்காலமாக ஒரே பேரினத்தில் வைத்து எண்ணி வந்துள்ளனர். கார்வியின் தண்டுகளை வரிசையாகக் கட்டி, மண்ணும் சாணமும் பூசிக் குடிசைச் சுவர் எழுப்புவது இம்மக்களின் பழைய வழக்கம். சரிவுகளில் அவர்கள் விளைவிக்கும் நாச்சணி வேறொன்றுமில்லை, நம் கேழ்வரகே. நாம் களி கிண்டுகிறோம். அவர்கள் பாகரி தட்டுகிறார்கள். கடலைமாவில் செய்த பிட்லாவும் பச்சைமிளகாய்த் தேச்சாவும் அதற்குத் துணை. ஏறி இறங்கிய பசியில், சாணம் மெழுகிய தாழ்வாரத்தில் வரிசையாக அமர்ந்து அந்த உணவை உண்டது எமது அன்பர்கள் மறக்க முடியாத விருந்து.

நீரின் வழியும் அத்தகையதே. இம்மலைகளில் பெய்யும் மழை நீரா நதி வழியே பீமாவை அடைந்து, கிருஷ்ணையில் கலந்து, ஸ்ரீசைலம் அணைக்குச் செல்கிறது. சென்னையின் குடிநீருக்காகக் கிருஷ்ணை நீரில் தலைக்கு 5 டி.எம்.சி. தர மகாராஷ்டிரம், கர்நாடகம், ஆந்திரம் ஆகிய மூன்று மாநிலங்களும் 1976-இல் இசைந்தன. தெலுங்கு கங்கைக் கால்வாய் வழியே 1996-இல் அந்நீர் பூண்டி ஏரிக்கு வந்து சேர்ந்தது. ஆகவே ராஜ்கட்டின்மேல் விழும் மழைத்துளிக்குச் சென்னையில் உள்ள நம் உறவினர் வீட்டுக் குழாய் வரை செல்ல ஒரு வழி இருக்கிறது. இதைக் கேட்டதும் சிறுவர் சிலர் தங்கள் பாட்டிக்குக் கைப்பேசியில் இச்செய்தியைச் சொல்லத் துடித்தனர். மலையின் பல இடங்களில் தொடர்பு கிடைப்பதில்லையாதலால், இறங்கும்வரை பொறுத்திருக்க நேர்ந்தது.

இனி, செல்ல விரும்புவோர் மனத்தில் கொள்ள வேண்டியவற்றைச் சொல்ல வேண்டும். முதலாவது, காலம். ஜூன் முதல் செப்டம்பர் வரை மழைக்காலம். மலை முழுவதும் பச்சைப் பட்டு உடுத்தி, அருவிகள் நூறாக வழியும் காலம் அதுவே என்பது உண்மை. ஆனால் பாறை பாசி பிடித்து வழுக்கும். மேகம் இறங்கினால் பத்தடிக்கு அப்பால் வழி தெரியாது. விளிம்பைப் புல் மறைத்துவிடும். 2014 ஜூலை 30-ஆம் நாள், இதே மாவட்டத்து ஆம்பேகாவ் தாலுகாவில் மாளீண் என்ற மலைக்கிராமத்தின்மேல் மண் சரிந்து 150-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். நாம் ஒருநாள் வந்து ரசிக்கும் மழையை அம்மக்கள் நான்கு மாதமும் அஞ்சிக்கொண்டே கழிக்கிறார்கள். குடும்பத்தோடு செல்வதற்கு நவம்பர் முதல் பிப்ரவரி வரை ஏற்ற காலம். கோடையில் வெயில் கடுமை. நிழலும் நீரும் அரிது.

இரண்டாவது, ஆயத்தம். ஆளுக்கு இரண்டு மூன்று லிட்டர் நீர், அடிப்பாகம் வழுக்காத காலணி, தொப்பி, கைவிளக்கு, கட்டுத்துணியும் மருந்தும் வேண்டும். அதிகாலையில் ஏறத் தொடங்கி, பொழுது சாய்வதற்குள் அடிவாரத்துக்குத் திரும்பிவிட வேண்டும். இரவு தங்க வேண்டுமாயின் கிராமத்தில் தங்குவதே தகும். ஸ்வார்கேட்டிலிருந்து செல்லும் அரசு பஸ்களின் நேரத்தை, குறிப்பாகத் திரும்பும் பஸ்ஸின் நேரத்தை, முன்னரே விசாரித்துக் கொள்க. உச்சிப் பாறைகளில் மலைத்தேனீக்கள் பெருங்கூடு கட்டியிருக்கும். புகையும் கூச்சலும் கடும் நறுமணமும் அவற்றுக்குச் சினம் மூட்டும். ராஜ்கட்டிலிருந்து மலைமுகட்டின் வழியே தோரணா வரை நடப்பது நாள் முழுதும் பிடிக்கும் கடினமான நடை. பழகிய இளைஞர்கள் வழிகாட்டியுடன் மட்டுமே அதை மேற்கொள்ள வேண்டும்.

மூன்றாவதாக நாம் சொல்ல விரும்புவது நடத்தையைப் பற்றியது. இதுவே மிக முக்கியமானது. இம்மலைநாடு கெடாமல் இருப்பது தற்செயலாக அன்று. இங்குள்ள கிராமத்தார் தேவ்ராய் என்று சில காடுகளைத் தெய்வத்துக்கு விட்டு, கோடரி படாமல் காத்து வருகின்றனர். நம் ஊரில் ஐயனார் கோயில் காட்டில் சுள்ளி பொறுக்கவும் அஞ்சுவோமே, அதே கட்டுப்பாடு. அத்தகைய இடத்துக்கு நாம் கொண்டு செல்லும் பிளாஸ்டிக் புட்டியும் தின்பண்ட உறையும் நம்மோடே திரும்ப வேண்டும். நாம் சென்ற அன்று சிறுவர்கள் ஆளுக்கொரு பை எடுத்துச் சென்று, பிறர் எறிந்தவற்றையும் பொறுக்கி வந்தார்கள். கோட்டைச் சுவரில் பெயர் செதுக்குவதும், உரக்கப் பாட்டு ஒலிக்கச் செய்வதும், மது அருந்துவதும் கூடாதென்று நம் வாசகர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. உடன் அழைத்துச் செல்லும் நண்பர்களுக்குச் சொல்லலாம். மோர் விற்கும் அன்னையிடம் விலை பேசாதீர்கள். அந்த மோர்ப் பானையை அவர் தலையில் சுமந்து ஏறியிருக்கிறார். வழிகாட்டிக்கும் உணவளித்த வீட்டாருக்கும் உரியதை முகமலர்ச்சியோடு கொடுங்கள். வயதில் மூத்த பெண்மணியை "ஆஜி" என்று அழைத்துப் பாருங்கள்; நம் வீட்டுப் பாட்டியின் முகம் மலர்வது போலவே அவர் முகமும் மலரும்.

வருகிற மார்கழியில் இன்னொரு குழுவாக ராஜ்கட் செல்ல நமது சங்கத்தார் ஏற்பாடு செய்வார்களாயின், முன்னின்று உதவ நாம் ஆயத்தமாக இருக்கிறோம். முப்பது பேருக்கு மேல் ஒரே நாளில் செல்வது மலைக்கும் நமக்கும் நல்லதன்று. ஆதலால் இரண்டு மூன்று ஞாயிறுகளாகப் பிரித்துக்கொள்ளலாம். ஏற இயலாத முதியோர் அடிவாரக் கிராமத்தில் தங்கியிருக்கலாம். அங்கேயும் காண்பதற்கும் பேசுவதற்கும் நிறைய உண்டு. விருப்பமுள்ள குடும்பத்தார் அடுத்த மாதக் கூட்டத்தில் தங்கள் பெயரைக் கொடுப்பார்களாக.

கோடையில் ஊருக்குச் செல்வோர் அந்தப் பயணத்திலும் ஒருநாளை ஒதுக்கி வைத்துக்கொள்வது நலம். செஞ்சி, திண்டிவனத்துக்கும் திருவண்ணாமலைக்கும் இடையே சாலையோரத்திலேயே இருக்கிறது. ராஜகிரி உச்சிக்குக் காலை வெயில் ஏறுமுன் ஏறிவிட வேண்டும். திண்டிவனத்து அன்பரின் வீட்டில் அதற்கான நாளை இப்போதே குறித்துவிட்டார்களாம். குஞ்ஜவணேயில் ஓர் இளைஞர் படங்களை எதிர்பார்த்துக்கொண்டிருக்கிறார்.